மூச்சும் நாவும்: தில்லையும் கடலூரும் தரும் பாடம்



தில்லைத் திருச்சிற்றம்பலத்தின் பொற்கூரையை அண்ணாந்து நோக்கிக் கைகூப்பாத அன்பர் நம்மில் இலர். அக்கூரையில் வேய்ந்த பொன்னோடுகள் 21,600 என்பதும், அவற்றைப் பிணித்து நிற்கும் ஆணிகள் 72,000 என்பதும் நம் பெரியோர் வழிவழியாகச் சொல்லிவரும் கணக்கு. ஆணிகள் உடம்பில் ஓடும் நாடிகளைக் குறிப்பன. ஓடுகள் மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுகளைக் குறிப்பன. நாழிகை ஒன்றுக்கு 360 மூச்சு. நாள் ஒன்றுக்கு 60 நாழிகை. பெருக்கிப் பார்த்தால் 21,600 வரும். இக்காலக் கடிகாரத்தைக் கொண்டு கணக்கிட்டாலும், நிமிடத்திற்கு 15 மூச்சு என்னும் அளவில் அதே தொகைதான் கிடைக்கும்.

இதன் கருத்து யாது? கூத்தப்பெருமான் ஆடும் அம்பலம் நம் உடம்பே. அவ்வம்பலத்திற்குக் கூரையாய் நிற்பது நம் மூச்சே என்பதாம். அக்கூரையின் கீழ் நின்று வழிபடும் நாம், நாள்தோறும் நமக்குக் கிடைக்கும் அம்மூச்சுகளில் எத்தனையைப் பெருமான் புகழுக்குச் செலவிடுகிறோம், எத்தனையைப் பிறரை வைவதற்குச் செலவிடுகிறோம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. மூச்சை ஆளுதல் சித்தர்க்கும் யோகியர்க்குமே உரியது என்று பலர் கருதுகின்றனர். இல்லறத்தில் நின்று, நாலு பேரோடு பேசிப் பழகி, கோயிற் காரியங்களிலும் ஊர்க் காரியங்களிலும் ஈடுபடும் எளிய அடியார்க்கு அதனால் ஆகும் முதற்பயன் நாவடக்கம் என்பது நம் துணிபு. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தில்லையும் கடலூரும் அடங்கிய இச்சிறு நிலப்பரப்பின் வரலாறே போதும்.

சொல் பிறக்கும் இடம்

சொல் எங்கே பிறக்கிறது? தொல்காப்பியனார் எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில் இதற்கு விடை தந்துள்ளார். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றிற் பொருந்தி எழுத்தொலியாகிறது என்பது அவர் கண்ட முறை. ஆகவே காற்றின்றிச் சொல் இல்லை. சைவ சித்தாந்த நூலோர் இன்னும் நுணுகிச் சென்று, வாக்கினைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்காக வகுத்தனர். முதல் மூன்றும் உள்ளே நிகழ்வன. பிறர் செவியில் விழும் வைகரியோ பிராணவாயு உந்திய பின்னரே வெளிப்படுவது. உள்ளத்தில் மூண்ட வெகுளி வசைச்சொல்லாகிப் பிறரைச் சுடுவதற்கு முன் மூச்சு என்னும் வாயிலைக் கடந்தாக வேண்டும். வாயிற்காவலன் விழித்திருந்தால் கள்வன் வெளியேறுவது எங்ஙனம்?

திருமூல நாயனார் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரிக்கின்றார். அங்கே பிராணாயாமத்திற்கு அவர் காட்டும் அளவு, இடப்பக்க நாசியால் 16 மாத்திரை வாங்குதல், 64 மாத்திரை உள்ளே நிறுத்துதல், 32 மாத்திரை வெளியே விடுதல் என்பதாகும். இவை முறையே பூரகம், கும்பகம், இரேசகம் எனப்படும். கூட்டினால் 112 மாத்திரை. இதில் ஒரு நுட்பத்தை அன்பர்கள் கருத வேண்டும். மூச்சை உள்ளே வாங்கும்போது மக்கள் பேசுவதில்லை. நிறுத்தியிருக்கும்போது பேசவே இயலாது. பேச்சு பிறப்பது வெளியே விடும் மூச்சில். எனவே 112 மாத்திரையுள் 80 மாத்திரை நாவுக்குத் தாழிட்ட காலம். எஞ்சிய 32 மாத்திரையிலும் காற்றை நாசி வழியே மெல்ல விடுபவனுக்கு வாய் திறக்க வேலை இல்லை.

சினங்கொண்டவனை உற்று நோக்கினால் இதன் மறுதலை விளங்கும். அவன் மார்பு விம்மித் தணிகிறது. மூச்சு குறுகி விரைகிறது. ஒரு மூச்சு முடிவதற்குள் அடுத்த சொல் முந்துகிறது. அவன் சொல்லை ஆளவில்லை. சொல் அவனை இழுத்துச் செல்கிறது. அம்மூச்சை நீட்டினால் அல்லது அவனுக்குச் சொல்லின்மேல் அதிகாரம் இல்லை.

நாவுக்கு அரசர்

நாவின்மேல் அதிகாரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் திருநாவுக்கரசு நாயனார். அவர் அவதரித்த திருவாமூரும், தமக்கையார் திலகவதியார் திருத்தொண்டு செய்திருந்த திருவதிகை வீரட்டானமும், அவர் சமண சமயத் தலைவராய் விளங்கிய திருப்பாதிரிப்புலியூரும் இன்றைய கடலூர் மாவட்டத்தில் உள்ளன. சூலைநோய் தீர்ந்து அவர் பதிகம் பாடியபோது பெருமான் அளித்த பெயர் நாவுக்கரசு என்பது சேக்கிழார் பெருமான் வாக்கு. நாவன்மை உடையவர் உலகில் பலர். நாவுக்கு அரசர் என்னும் பெயரோ, நா தமக்கு அடங்கிய குடியாய் இருக்க, அதனைத் தாம் ஆள்பவர் என்றும் பொருள் தருவது. குடி அரசனை ஆண்டால் நாடு என்னாகும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

ஏழு நாள் நீற்றறையில் இட்டனர், நஞ்சூட்டினர், யானையை ஏவினர், கல்லோடு பிணித்துக் கடலில் இட்டனர். அக்கல்லே தெப்பமாகக் கரையேறி அவர் வந்து வழிபட்ட தலம் திருப்பாதிரிப்புலியூர். முன்னர்ப் பல்லவ மன்னன் அழைப்பைக் கொண்டுவந்த அமைச்சர்க்கு அவர் அளித்த விடை, மறுமாற்றத் திருத்தாண்டகம் என ஆறாந் திருமுறையில் விளங்குகிறது. அதன் வலிமை எதிரியை இழித்துரைப்பதில் இல்லை. தாம் யாருக்கு ஆள் என்னும் தெளிவில் இருக்கிறது. நாவடக்கம் அச்சத்தால் வாய்மூடி இருத்தலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? மறுக்க வேண்டியதை மறுக்கலாம். மறுக்கும் மூச்சு எவருடைய ஆட்சியில் இருக்கிறது என்பதே வினா.

இரு பெருமக்கள்

இனி, நமக்கு மிக அண்மைக் காலத்ததாகிய ஒரு வரலாற்றுக்கு வருவோம். அதனை வெளிப்படப் பேசுவதற்குச் சைவ உலகம் கூச்சப்படுவதுண்டு. ஆயினும் பாடம் அங்கேதான் இருக்கிறது.

1822 டிசம்பர் 18ஆம் நாள் யாழ்ப்பாணத்து நல்லூரில் ஆறுமுக நாவலர் தோன்றினார். 1823 அக்டோபர் 5ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமலிங்க அடிகளார் தோன்றினார். இருவர்க்கும் இடையே பத்துத் திங்கள் அளவுகூட முதுமை வேறுபாடு இல்லை. நாவலர் தமிழ்ச் சைவ நூல்களைப் பிழையறப் பதிப்பித்தவர். சைவப் பிள்ளைகள் தம் சமயத்தைக் கற்கச் சாலைகள் நிறுவியவர். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை அளித்தது. 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை அவர் தொடங்கினார். அடிகளாரோ சென்னையை விட்டு நீங்கிக் கருங்குழியில் தங்கி, தில்லைக்குப் பலகாலும் சென்று கூத்தப்பெருமானை வழிபட்டு, உருகி உருகிப் பாடியவர். 1867 மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி வைத்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் ஏழைகளின் பசியைத் தீர்த்து வருகிறது.

நாவலரும் தம் வாழ்வின் பிற்பகுதியில், 1877ஐ ஒட்டிய பஞ்சகாலத்தில், யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தோர்க்கு உணவளித்தார். எனவே அன்பர்களே, நாம் பேசப் போவது நல்லவர் ஒருவருக்கும் தீயவர் ஒருவருக்கும் நிகழ்ந்த போரைப் பற்றியன்று. பசித்தவன் முகம் பார்த்து உலை ஏற்றிய இரு பெருமக்களின் பெயரால் நிகழ்ந்த சொற்போரைப் பற்றியது.

ஆனித் திருமஞ்சனமும் மஞ்சக்குப்பமும்

1867ஆம் ஆண்டில் அடிகளாரின் பாடல்கள், அவர்தம் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் முதலியோரின் முயற்சியால் நான்கு பகுதிகளாக அச்சேறின. அந்நூலுக்குத் திருவருட்பா என்று பெயர் இட்டனர். பகுதிகளைத் திருமுறை என்று வழங்கினர். திருமுறை என்பதும் அருட்பா என்பதும் சமயாசாரியர் முதலிய அருளாளர் வாக்குக்கே மரபில் அமைந்தவை. இக்காலத்தவர் ஒருவர் பாடலுக்கு அவை எங்ஙனம் பொருந்தும் என்று நாவலர் வினவினார். அவர் தரப்பிலிருந்து போலியருட்பா மறுப்பு என்னும் நூல் எழுந்தது. இறைவன் அருள் ஒரு காலத்தோடு முடிந்துவிட்டதோ, இன்றும் அருளாளர் தோன்றலாகாதோ என்று அடிகளாரின் அன்பர்கள் எதிர்வினா எழுப்பினர்.

நடுநிலையில் நின்று நோக்கினால் இரு வினாக்களும் தக்க வினாக்களே. ஒன்று மரபைக் காக்கும் கவலையிற் பிறந்தது. மற்றொன்று அருளின் எல்லையின்மையை நம்பும் அன்பிற் பிறந்தது. ஏடும் எழுத்தாணியும் கொண்டு அமைதியாக ஆராய்ந்திருந்தால் சைவ உலகுக்கு ஓர் அரிய நூல் கிடைத்திருக்கும். நிகழ்ந்தது வேறு. தில்லைக் கோயில் வழிபாட்டு முறை, ஆகமம், தீட்சை ஆகியன குறித்து நாவலருக்கும் தீட்சிதர் சிலருக்கும் இருந்த வேறுபாடும் இதனோடு கலந்தது. வினா பகையாயிற்று, பகை வசையாயிற்று.

1869ஆம் ஆண்டு ஆனித் திருமஞ்சன விழாக் காலத்தில் தில்லைத் திருக்கோயிலில் ஒரு கூட்டம் கூடிற்று. அக்கூட்டத்தில் தம்மை இழித்துப் பேசினர் என்று நாவலர் குற்றஞ்சாட்டினார். வழக்குக் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்திற்குச் சென்றது. அடிகளாரும் எதிர்வழக்காளருள் ஒருவராய் நிற்க நேர்ந்தது. இறுதியில் அடிகளார் விடுவிக்கப்பட்டார்.

அன்பர்களே, சற்றே எண்ணிப் பாருங்கள். 21,600 மூச்சுகளின் பெயரால் வேய்ந்த கூரை இருக்கும் அதே திருக்கோயில். அபிடேகத்தால் பெருமான் திருமேனி குளிரும் அதே திருவிழா. அங்கே பிறந்த சொல் ஊர் கடந்து கடலூருக்குச் சென்று, சமயம் அறியாத அயல்நாட்டார் நாட்டிய சட்டத்தின் முன் கைகட்டி நின்றது. சைவத்தின் உள்வீட்டு வழக்கைத் தீர்க்கச் சைவருக்கே நா எழவில்லை. வசைபாட மட்டும் நா எழுந்தது. இதனை நினைக்குந்தோறும் நம் நெஞ்சு துணுக்குறுகிறது.

அடிகளார் நீதிமன்றத்துள் நுழைந்தபோது நாவலர் தம்மை அறியாமலே எழுந்து நின்றார் என்றொரு செவிவழிச் செய்தி உண்டு. அதனை வரலாறாகக் கொள்வாரும் உளர். அன்பர் கற்பனை என்பாரும் உளர். எதுவாயினும் ஆகுக. இச்செய்தி இத்தனை காலம் நிலைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இருவரையும் நேசித்த மக்கள், இருவரும் ஒருவரையொருவர் மதித்திருக்க வேண்டும் என்று உள்ளூர விரும்பினர். வாதத்தில் யார் வென்றார் என்று அறிவதைவிட, எழுந்து நின்ற அந்த ஒரு கணத்தையே சைவ மக்களின் நெஞ்சம் பற்றிக்கொண்டது.

தொடர்ந்த சொற்போர்

1874 சனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அடிகளார் திருக்காப்பிட்டுக்கொண்டார். 1879 டிசம்பர் 5ஆம் நாள் நாவலர் சிவபதம் அடைந்தார். மூலவர் இருவரும் மறைந்த பின்னரும் வசை மறையவில்லை. துண்டுப் பிரசுரங்களும் கண்டன நூல்களும் மாறிமாறி வெளிவந்தன. குடாரம் என்றும் பரசு என்றும் கோடரியின் பெயர்களையே நூலுக்குத் தலைப்பாக அமைத்தோரும் உண்டு. தலைப்பே வெட்டுக்கருவியாயின் உள்ளே இருக்கும் சொல் எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்போர் சென்னையில் மீண்டும் மூண்டது. நாவலர் மரபில் நின்று யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளை வாதிட்டார். பிற்காலத்தில் மறைமலையடிகள் எனப் புகழ்பெற்ற நாகை வேதாசலம் பிள்ளை அருட்பாவின் தரப்பில் நின்றார். இசுலாமியப் பெரும்புலவர் செய்குத்தம்பிப் பாவலரும் அருட்பாவுக்கு ஆதரவாக மேடையேறினார். ஒருவரும் கல்வியிற் குறைந்தவர் அல்லர். மீண்டும் நீதிமன்றம்; மீண்டும் சாட்சி; மீண்டும் வசை.

அப்போது கதிரைவேற்பிள்ளையிடம் பயின்ற மாணவர் ஒருவர் ஆசிரியருக்காக 1904இல் நீதிமன்றத்திற் சாட்சி சொல்லச் சென்றார். அதனாற் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் வாய்ப்பை இழந்தார். அவர்தாம் பின்னாளில் தமிழ்த்தென்றல் என்று நாடு போற்றிய திரு.வி.கலியாணசுந்தரனார். பெரியோர் வளர்த்த சொற்பகைக்கு ஓர் இளைஞனின் படிப்பு விலையாயிற்று. ஆனால் அவர் அப்பகையைத் தம் நெஞ்சிற் சுமந்து திரியவில்லை. தம் ஆசிரியரிடம் கொண்ட பத்தி குறையாமலே, இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம் என்னும் நூலை எழுதி அடிகளாரின் பெருமையை நாட்டுக்கு எடுத்துரைத்தார். ஆசிரியரைப் போற்றுவதற்கு ஆசிரியரின் பகையையும் போற்ற வேண்டுவதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இன்று அக்கண்டனப் பிரசுரங்கள் என்னாயின? ஆராய்ச்சியாளர் திரட்டி அச்சிட்டாலன்றி எவரும் படிப்பதில்லை. அடிகளாரின் பாடல் வீடுதோறும் ஒலிக்கிறது. நாவலரின் சைவ வினாவிடையும் பாலபாடமும் சைவப் பிள்ளைகளுக்கு இன்றும் துணையாகின்றன. அடங்கிய மூச்சில் பிறந்தவை நின்றன; பொங்கிய மூச்சில் பிறந்தவை போயின.

அடிகளார் வகுத்த விதி

மூச்சுக்கும் வசைக்கும் உள்ள தொடர்பைத் தெளிவுறக் கண்டு எளிய மக்களுக்குச் சொன்னவருள் அடிகளாரும் ஒருவர். நித்திய கரும விதி என்னும் அவர்தம் உரைநடைப் பகுதியில், விடியற்காலை எழுவது முதல் உறங்குவது வரை மனிதன் ஒழுகும் முறை சொல்லப்பட்டுள்ளது. அதில் உரத்துப் பேசுதல், விரைந்து ஓடி நடத்தல், வழக்கிடுதல், சண்டையிடுதல் ஆகியவற்றை விலக்குமாறு கூறி, எவ்வகையிலும் பிராணவாயு மிகுதியாகச் செலவாகாதபடி விழிப்போடு பழக வேண்டும் என்று அறிவுறுத்துகின்றார்.

இவ்விதியை அன்பர்கள் ஊன்றி நோக்க வேண்டும். வழக்கும் சண்டையும் பாவம் என்று சொல்லி அவர் நிறுத்தவில்லை. அவை உயிர்க்காற்றை வீணாக்கும் செலவு என்று கணக்குப் பார்த்துச் சொல்கின்றார். பாவம் என்றால் பிராயச்சித்தம் உண்டு என்று சிலர் தேறிக்கொள்வர்; செலவு என்றாலோ எவரும் சற்றுத் தயங்குவர். மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தின் படியேறி இறங்கிய ஒரு பெரியாரின் பெயரில் இவ்விதி வழங்குவதால், அதற்கு ஒரு தனி எடை உண்டு என்று நாம் கருதுகிறோம்.

நாவலர் பெருமானின் மரபும் இதற்கு மாறானதன்று. அவர் வற்புறுத்திய சைவ அனுட்டானத்தில் ஆசமனம், திருநீறு அணிதல் ஆகியவற்றோடு பிராணாயாமமும் ஓர் அங்கம். தீட்சை பெற்றோர் சந்திதோறும் மூச்சை வாங்கி, நிறுத்தி, விட்டுப் பழக வேண்டும் என்பது விதி. செபத்திலும் உரக்கச் சொல்வதினும் மெல்லச் சொல்வதும், அதனினும் மனத்துள் எண்ணுவதும் உயர்ந்தன என்று நூல்கள் கூறும். ஒலி குறையக் குறைய மூச்சு நுண்ணிதாகிறது. மூச்சு நுண்ணிதாக ஆக உள்ளம் ஒடுங்குகிறது. ஆகவே எதிரெதிர் நின்ற இரு சாராரின் இல்லங்களிலும் மருந்து இருந்தது. மருந்தைப் பூசையறையில் வைத்துப் பூட்டிவிட்டு, நோயோடு மேடையேறியதே குறை.

மேனாட்டார் கண்டது

இது பழங்கதை என்று இளைஞர் சிலர் நினைக்கக்கூடும். அவர்கட்காக அண்மைக் காலத்து ஆய்வுகள் இரண்டைக் குறிப்பிடுவோம்.

2001ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டி என்பாரும் அவர்தம் குழுவினரும் பிரித்தானிய மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கிறித்தவர் செபமாலையில் ஓதும் இலத்தீன் மன்றாட்டையும், திபெத்தியப் பௌத்தர் ஓதும் மந்திரத்தையும் 23 பேரை ஓதச் செய்து அளந்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்திற்கு ஏறக்குறைய ஆறு என்னும் அளவுக்கு இறங்கியது. இரத்த அழுத்தத்தை நிலைப்படுத்தும் உடம்பின் இயல்பான செயல் திறம் பெற்றது. மொழி வேறு, சமயம் வேறு. மூச்சின் வழி ஒன்று. ஐந்தெழுத்தை நிதானமாக எண்ணுவோர்க்கு இது வியப்பன்று.

2024ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புஷ்மன் முதலியோர், சினத்தைத் தணிக்கும் வழிகளைப் பற்றிய 154 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். அவற்றிற் பங்குகொண்டோர் 10,189 பேர். சினத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டால் அது குறையும் என்பது உலகில் பலரும் நம்பும் செய்தி. அந்நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்று அவர்கள் கண்டனர். உடம்பின் கொதிப்பை அடக்கும் ஆழ்ந்த மூச்சு, தியானம் முதலியனவே சினத்தையும் தாக்கும் எண்ணத்தையும் குறைத்தன. நெருப்பில் நெய்யைக் கொட்டித் தீர்த்தால் நெருப்பு அணையுமா? நம் பாட்டிமார் அறிந்திருந்த உண்மை இன்று எண்ணிக்கையோடு வந்து நிற்கிறது.

இதன் காரணமும் எளிது. மூச்சை நீட்டி வெளியே விடும்போது இதயத் துடிப்புச் சற்றுத் தணிகிறது. சினம் என்பது உள்ளத்தில் மட்டும் நிகழ்வதன்று. துடிப்பிலும் குருதியோட்டத்திலும் நிகழ்வது. உடம்பு தணிந்தால் உள்ளத்திற்குப் பற்றிக்கொள்ள விறகு குறைகிறது.

நாம் செய்யத் தக்கது

திருவிழா மேடைகளிலும் திருப்பணிக் கூட்டங்களிலும் நெடுங்காலம் பழகிவரும் நாம், எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பூசல்களைக் கண்டிருக்கிறோம். பரிவட்டம் யாருக்கு முதலிற் கட்டுவது? அழைப்பிதழில் யார் பெயர் மேலே? தேர்வடத்தை எந்தத் தெருவார் முதலிற் பிடிப்பது? இவ்வினாக்களுக்கு விடை காண அரை நாழிகை போதும். ஆனால் அதற்குள் வீசப்பட்ட ஒரு சொல்லை மறக்க இரண்டு தலைமுறை போதாது. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றதும், கட்டிய கோபுரம் குடமுழுக்கின்றிக் காத்திருந்ததும் இத்தகைய ஒரு சொல்லால் அன்றோ?

இக்காலத்தில் இன்னும் ஒரு தீங்கு சேர்ந்துள்ளது. கைப்பேசியில் அனுப்பும் வசைக்கு மூச்சே வேண்டுவதில்லை. அது விரல் வழியே பிறந்து நொடியில் நூறு பேரைச் சென்று சேர்கிறது. மூச்சு என்னும் வாயிற்காவலன் அங்கே இல்லாமையால், நாமே அவனை அழைத்து நிறுத்த வேண்டியுள்ளது.

ஆதலின் எளிய முறை ஒன்றைச் சொல்லி அமைவோம். திருமூலர் கூறிய 64 மாத்திரைக் கும்பகம் குருவின் துணையின்றி முயலத் தக்கதன்று. நெஞ்சுநோய், இரத்த அழுத்தம், மூச்சிரைப்பு உடையோரும் கருவுற்ற தாய்மாரும் மூச்சை அடக்குதலை அறவே தவிர்க்க. அனைவர்க்கும் ஏற்றது இதுவே: காலையில் நீராடித் திருநீறணிந்து, விளக்கின் முன் நிமிர்ந்து அமர்க. சிவ என்று உள்ளத்தில் எண்ணி மூச்சை இயல்பாக உள்ளே வாங்குக. அதனினும் இரு மடங்கு நேரம், ஐந்தெழுத்தை மெல்ல எண்ணி நாசி வழியே வெளியே விடுக. பன்னிரண்டு முறை செய்தால் போதும். ஒரு திருப்பதிகம் ஓதும் நேரம்கூட ஆகாது.

இது நாள்தோறும் கைவந்தால் வேண்டும்போது உதவும். கூட்டத்தில் ஒருவர் கடுஞ்சொல் கூறினால், விடை சொல்லுமுன் மூன்று மூச்சு. கைப்பேசியில் ஒரு வசை வந்தால், அதனைக் கீழே வைத்துவிட்டு மூன்று மூச்சு. வீட்டில் பிள்ளை மேல் சினம் மூண்டால், பெயர் சொல்லி அதட்டுமுன் மூன்று மூச்சு. மூன்று மூச்சுக்குப் பின்னும் சொல்ல வேண்டிய சொல் இருப்பின் அதனை அஞ்சாமற் சொல்க. அப்பர் பெருமான் மறுமாற்றம் சொன்னது போலச் சொல்க. பெரும்பாலும் மூன்றாவது மூச்சின் முடிவில், சொல்ல நினைத்ததிற் பாதி தேவையற்றது என்பது விளங்கிவிடும்.

நீதி கேட்பதை இது தடுப்பதன்று. அநீதி கண்டு வாளா இருக்கவும் இது கற்பிக்கவில்லை. நியாயம் நம் பக்கம் இருந்தால் அதனை வசையால் அழுக்காக்குவானேன்? 1869இல் இரு சாரார் பக்கத்திலும் நியாயம் இருந்தது. வசை புகுந்தபின் நியாயத்தைக் கேட்க ஒருவர் செவியும் திறந்திருக்கவில்லை.

திருமூலர் முதல் தந்திரத்தில் எவரும் செய்யக்கூடிய அறங்கள் நான்கினை எடுத்துக்காட்டுகின்றார். இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாயுறை, உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, பிறரிடம் ஓர் இன்சொல் என்பன அவை. முதல் மூன்றுக்கும் ஏதேனும் ஒரு பொருள் வேண்டும். நான்காவதற்கு வேண்டுவது ஒரு மூச்சு மட்டுமே. அதனை நமக்குப் பெருமான் நாள் ஒன்றுக்கு 21,600 முறை இலவசமாக அளிக்கின்றான்.

அடுத்த முறை தில்லை செல்லும் அன்பர்கள் பொற்கூரையை வணங்கும்போது, அங்கேயே நின்று மூன்று மூச்சு நிதானமாக விட்டு, தாம் வைத ஒருவரின் பெயரை நினைந்து, அவர் நலம் பெறுக என்று வேண்டிக்கொள்வாராக. அவ்வேண்டுதல் கூத்தப்பெருமான் திருவடிக்கு உகந்த பச்சிலையாகும். அடியார் கூட்டம் ஒற்றுமையோடு வாழ்க. அவர்தம் நாவில் இனிமை நிலவுக.

திருச்சிற்றம்பலம்